பெரியவர் ஏறாத ஸ்டூல்

லோடுமேனின் மனைவி கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்கு அந்த அறையில் கதவே கிடையாது. மாடிப்படிக்கு அடியில், லிஃப்ட் மோட்டாரின் உறுமலுக்குப் பக்கத்தில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் சரிவில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. ஆஸ்பத்திரி தன் கதிரியக்கக் கணக்கு முழுவதையும் அந்த இடுக்கில்தான் உட்கார வைத்திருந்தது.

"நீங்கதான் மீட்டரக்காவா?"

"ஆமா. வாங்க, தலை பத்திரம்."

"எனக்கென்ன, நான் குனிஞ்சே பழகினவ. இவருக்குச் சொல்லுங்க."

சொல்வதற்குள் பின்னால் வந்த லோடுமேன் இடித்துக்கொண்டார். சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் குடோனில் மூட்டை தூக்கியவர். தலையில் ஏதாவது வந்து விழுவது அவருக்குப் புதிதில்லை.

மீட்டரக்காவுக்குக் காகிதத்தில் மருத்துவ இயற்பியலாளர் என்று பெயர். அது வாயில் நுழையாததாலும், எந்நேரமும் கையில் ஒரு மீட்டரோடு எக்ஸ்ரே அறைகளில் அவள் அலைவதாலும், கம்பவுண்டர் முதல் சூப்பரின்டெண்டென்ட் வரை இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. படம் பார்த்துக்கொண்டே செய்யும் சிகிச்சைகளில் நோயாளியின் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கிட்டு எழுதுவது அவள் வேலை. நோயாளிகள் யாரும் அவளைத் தேடி வருவதில்லை. வந்தால் நல்ல செய்தியாக இருக்காது.

"பதிமூணு நாளைக்கு முன்னாடி உங்க ஆஞ்சியோ ரூம்ல இவரை மூணு மணி நேரம் படுக்க வெச்சீங்க" என்றாள் மனைவி. "நெஞ்சுல அடைப்பு எடுக்கறோம்னு சொல்லி, பாதிதான் எடுத்திருக்கோம், மீதியை இந்த வெள்ளிக்கிழமை எடுக்கறோம்னு அனுப்பிட்டீங்க. சரி, நெஞ்சுக்குள்ள பண்ணினது எனக்குத் தெரியாது. முதுகுல என்ன பண்ணினீங்க? ஏங்க, சட்டையக் கழட்டுங்க."

"இங்கேயா?"

"ஊரு பூரா வெறும் உடம்போட மூட்டை தூக்கினவருக்கு இங்க என்ன வெக்கம்? கழட்டுங்க."

கழற்றினார். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. ஓரங்கள் நேர்க்கோடாக இருந்தன. நான்கு மூலையும் இருந்தது.

"மொதல்ல மூட்டைப்பூச்சின்னுதான் நெனச்சேன். மூட்டைப்பூச்சி ஸ்கேல் வெச்சா கடிக்கும்? நேத்து நர்சம்மாகிட்ட காட்டினேன். மெஷின் விஷயம்னா மீட்டரக்காகிட்ட போங்கன்னாங்க. தெனம் தைலம் போட்டு அழுத்தித் தேய்ச்சு விடறேன், போவேனாங்குது."

"தேய்க்காதீங்க அக்கா. இன்னையோட நிறுத்திடுங்க."

"பாத்தியா?" என்று லோடுமேன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நான் சொன்னேன்ல, எரியுதுன்னு."

"நீங்க பல்லு தேய்க்கச் சொன்னாக்கூட எரியுதும்பீங்க."

மீட்டரக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவள் கோப்பில் இவருடைய தாள் இருந்தது. அதன் கடைசி வரி நினைவுக்கு வந்தது: 'தோலைப் பார்க்க வேண்டியதில்லை.' கீழே அவள் கையெழுத்து, அழகாக.

சிவந்திருக்கிற முதுகு ஒரு பக்கம், சிவக்காது என்று எழுதிய தாள் ஒரு பக்கம். இரண்டில் ஒன்று பொய். முதுகு பொய் சொல்லாது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை மறுபடி அதே இடத்துல கதிர் பட்டா என்ன ஆகும்னு உங்ககிட்ட மறைக்க விரும்பல" என்றாள். "இப்ப இருக்கற சிவப்பு தானா மங்கிடும். அது மேலயே இன்னொரு தடவை பட்டா தோல் வெந்து புண்ணாகலாம். அந்தப் புண்ணு லேசுல ஆறாது. சில பேருக்கு வருஷக்கணக்கா ஆறாது."

லோடுமேன் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டார், மனைவி கழற்றிச் சரியாகப் போட்டாள்.

"மூட்டை உக்கார்ற எடம்மா அது" என்றார் அவர். "நெஞ்சு சரியாகி முதுகு போச்சுன்னா, நான் எதை வெச்சு வேலைக்குப் போறது?"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஆஞ்சியோ மெஷின் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண்ணைக் காட்டும். கிரே என்பது கதிரின் அளவு. லோடுமேனுக்கு மெஷின் காட்டியது ஐந்து கிரே. ஐந்தைத் தொட்டதும் டாக்டர் தானே கம்பியை வெளியே இழுத்து, இன்றைக்குப் போதும் என்று நிறுத்தியிருந்தார். ஆனால் மெஷினுக்கு நோயாளியைத் தெரியாது. ஒல்லியா குண்டா, எங்கே படுத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்கு அக்கறையில்லை. காற்றில் ஒரு புள்ளியை நினைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இல்லாத முதுகுக்குச் சொன்ன எண்ணை, இருக்கிற முதுகுக்கு மாற்றித் தருவதற்காகத்தான் மீட்டரக்காவுக்குச் சம்பளம்.

மாற்றியிருந்தாள். ஐந்தில் நாலு கிரே ஒரே கோணத்தில் போயிருந்தது. அந்த நாலைத்தான் எடுத்துக்கொண்டாள். உடம்புக்குள் போன கதிர் சிதறித் திரும்பி வருவதற்காகக் கொஞ்சம் கூட்டினாள், மேசையும் மெத்தையும் குடித்துக்கொண்டதற்காகக் கொஞ்சம் கழித்தாள். நாலே சொச்சம் வந்தது. ஒரே இடத்தில் ஐந்துக்கு மேல் போனால்தான் தோலைப் பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. எல்லாம் சரி. எங்கேயும் பிசகு இல்லை.

"அன்னைக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே. முழிச்சுத்தானே இருந்தீங்க?"

"முழிச்சுத்தான் இருந்தேன். மணிக்கட்டுல மட்டும் மரமரப்பு ஊசி போட்டாங்க. டெக்னீஷியன் என்னைப் படுக்க வெச்சு மேசைய ஒரு உசரத்துல நிறுத்தினாரு. அப்புறம் டாக்டர் வந்தாரு. வந்ததும் மேசை எறங்குச்சு."

"எறங்குச்சா?"

"லாரியில கடைசி மூட்டை ஏறும்போது அடியில ஸ்பிரிங் பட்டை அமுங்கும் பாருங்க, அந்த மாதிரி. நாலு விரல் எறங்குச்சு."

"படுத்துக்கிட்டு நாலு விரல்னு எப்படித் தெரியும்?"

"எதிர் சுவத்துல ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கு. மொதல்ல என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு, அப்புறம் மேல போயிடுச்சு. எந்த உசரத்துல முதுகு குடுத்தா மூட்டை பதவிசா உக்காரும்னு பாத்துப் பாத்து வளந்த கண்ணும்மா இது." கையை நீட்டிக் காட்டினார். அவருடைய நாலு விரல் மற்றவர்களுக்கு ஐந்துக்குச் சமம்.

மீட்டரக்கா மெஷினின் அறிக்கையில் ஒருபோதும் பார்த்திராத ஒரு பத்தியைத் திறந்தாள். மேசை உயரம். ஒவ்வொரு படத்துக்கும் எழுதியிருந்தது. அவள் கணக்கில் இருந்த உயரத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் கீழே. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை.

கதிர் வருவது மேசைக்கு அடியிலிருந்து. மேசை இறங்கினால் முதுகு அடுப்புக்குக் கிட்டே போகிறது என்று அர்த்தம். ஒன்பது சென்டிமீட்டருக்குக் கூட்டிப் பார்த்தாள். நாலே சொச்சம், ஐந்தே முக்கால் ஆயிற்று.

அவள் கணக்குத்தாள் மூன்று வருஷத்துக்கு முன் போட்டது. அப்போது ஆஞ்சியோ பார்த்தவர் ஒரு நெட்டை டாக்டர். மேசை எப்போதும் அவர் இடுப்புக்கு நிற்கும். அந்த உயரத்தைத் தாளில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டாள். நெட்டை டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் பதினோரு மாதம் ஆகிறது. மனிதர் போய்விட்டார், இடுப்பு மட்டும் அவள் தாளில் தங்கிவிட்டது.

"தப்பு என் கணக்குல அண்ணே" என்றாள். "உக்காருங்க. வந்துடறேன்."

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு ஸ்டூலைப் பாக்க."

ஆஞ்சியோ அறைக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால், டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. அவர் பக்கத்தில் மரத்தில் செய்த ஒரு படி ஸ்டூல் இருந்தது. அகலமாக, உறுதியாக, இரண்டு கால் தாராளமாக வைக்கும்படி. அதன் மேல் ஃபிளாஸ்க், இரண்டு டம்ளர், ஒரு பிஸ்கட் டப்பா.

"அண்ணே, இது டீ மேசையா?"

"வேற யாரும் ஏறலையேம்மா. சும்மா கெடந்தா பூச்சி அரிக்கும்."

புது டாக்டருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் பெரியவர். வயது நாற்பத்திரண்டுதான். ஆள் குள்ளம். நல்ல குள்ளம். அதனால்தான் அந்தப் பெயர். தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார், யாரும் திருத்தவில்லை. திறமையும் இருந்தது. நெட்டை டாக்டர் கைவிட்ட அடைப்புகளில் பாதியை இவர் திறந்திருக்கிறார்.

அவர் வந்த முதல் வாரமே தச்சரிடம் சொல்லி இந்த ஸ்டூலைச் செய்ய வைத்தார்கள். ஏறி நின்றார். கை சரியாக எட்டியது. அப்போது தலைமை நர்ஸ், மனதில் ஒன்றும் இல்லாமல்தான், "இப்பத்தான் டாக்டர் நீங்க நல்லாத் தெரியறீங்க" என்றாள். யாரோ ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துவிட்டார். இறங்கிய பெரியவர் அப்புறம் ஏறவேயில்லை.

"அந்த யாரோ ஒருத்தர் நீங்கதானே?" என்றாள் மீட்டரக்கா.

"இருமல் வந்துச்சும்மா."

"பதினோரு மாசமா மேசைய எறக்கறார். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேக்கல. உன் தாள்ல உசரம்னு ஒரு கட்டம் இருந்தா நான் எழுதியிருக்க மாட்டேனா? கட்டத்தை வெக்காம என்கிட்ட கத்தறே."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. டம்ளர்களை எடுத்து ஜன்னலில் வைத்தாள். ஃபிளாஸ்க்கை அவர் மடியில் வைத்தாள்.

பெரியவர் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீட்டரக்கா நின்றுகொண்டே சொன்னாள். நின்றதும் தப்பு, அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தாள்.

"மெஷின் அஞ்சுன்னு காட்டுச்சு" என்றார் அவர். "நீங்க நாலுன்னு எழுதினீங்க. இப்ப வந்து ஆறுங்கறீங்க. இது கதிரா, கறிகாய் வெலையா?"

"ஆறு இல்ல சார், அஞ்சே முக்கால்."

"ரொம்ப ஆறுதல்."

"நாலுன்னு எழுதினது என் தப்பு. மேசை உயரத்தைப் பாக்கல. ஒன்பது சென்டிமீட்டர் எறங்கியிருக்கு."

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "அது என் வேலை வசதிக்கு."

"தெரியும் சார்."

"தெரியும்னா என்ன தெரியும்?"

இந்த இடத்தில் மீட்டரக்கா சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான். அது வாய்க்குள்ளேயே உருண்டது. அவளுக்கு இதயநோய் டாக்டரின் கையெழுத்து தினமும் தேவை. அதோடு, ஒரு மனிதனின் உயரத்தை அவன் முகத்துக்கு நேரே பேசுவதற்கு அவளை யாரும் பழக்கவில்லை.

"முதுகைப் பாருங்க சார்" என்றாள். "கீழ என் ரூம்ல இருக்கார். வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

வந்தார். மாடிப்படி அறையில் தலை இடிக்காமல் நேராக நடந்து உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். அதைக் கவனித்த லோடுமேனின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவனின் முழங்கை பட்டு நிறுத்திக்கொண்டாள்.

லோடுமேன் மறுபடி சட்டையைக் கழற்றினார். பெரியவர் கிட்டே வந்தார். சிவப்பின் ஓரத்தில் விரலை வைத்து, நான்கு பக்கமும் மெதுவாகச் சுற்றி வந்தார். மூலைக்கு மூலை நிறுத்தினார். தன் கதிர் விழுகிற சதுரத்தை அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்.

"வலிக்குதா?"

"இப்ப வலிக்கல டாக்டர். மூட்டை வெச்சாத்தான் தெரியும். எப்ப வெக்கலாம்?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்றார். "மாத்திரையில நெஞ்சு அடங்கியிருக்கு. ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம். தோல் தேறட்டும். அடுத்த தடவை வேற கோணத்துல போறேன், இந்த எடத்துல ஒரு துளி படாது. அதுவரைக்கும் மூட்டை கிடையாது. வெயில்ல முதுகைக் காட்டக் கூடாது. நெஞ்சு இறுக்கிச்சுன்னா அந்த நிமிஷமே இங்க வந்துடணும்."

"ரெண்டு மாசமா!" என்றாள் மனைவி. "வீட்லயா! டாக்டர், இவரை வீட்ல வெச்சுக்கிட்டா எனக்கு நெஞ்சடைப்பு வரும்."

"நீ போய் மூட்டை தூக்கு. நான் சமைக்கறேன்" என்றார் லோடுமேன்.

"சமைச்சுக் கிழிச்சீங்க." அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. "டாக்டர், எனக்குப் படிப்பு கிடையாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். மேசைய எதுக்கு எறக்கினீங்க?"

மீட்டரக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது. அணைந்த திரையை மிகுந்த கவனத்தோடு பார்த்தாள். லிஃப்ட் மேலே போய், கீழே வந்தது.

"கை எட்டல" என்றார் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், சிரிக்கிறார்களா என்று. லோடுமேன் தலையை ஆட்டினார், மழை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டது மாதிரி.

"எங்க மேஸ்திரி உங்களவிட ரெண்டு விரல் கம்மி டாக்டர்" என்றார். "மூட்டைய எங்க முதுகுல ஏத்திவிடற ஆளு அவருதான். பலகை போட்டு அது மேல நின்னுதான் ஏத்துவாரு. பலகை இல்லாத அன்னைக்கு நாங்க குனிஞ்சு குடுக்கணும், எங்க இடுப்பு போயிடும். அதனால பலகைய அவரு தேடறாரோ இல்லையோ, நாங்க தேடிக் கொண்டாந்து போட்டுருவோம்."

"சிரிக்க மாட்டாங்களா?"

"யாரு? நூறு கிலோவைக் கையில வெச்சுக்கிட்டு என் தலைக்கு மேல நிக்கற ஆளைப் பாத்தா?"

பெரியவரின் வாய் ஓரம் லேசாக ஆடியது. எழுந்து, சட்டையைத் தானே எடுத்து லோடுமேனிடம் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "மீட்டரக்கா" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். "எனக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் விடுங்க. இந்தப் பதினோரு மாசக் கேஸ் எல்லாத்தையும் மறுபடி போடுங்க. நான் எறக்கினதையும் சேத்து."

போட்டாள். நீண்ட கேஸ்கள் முப்பத்தெட்டு. அதில் இன்னும் இரண்டு பேர் ஐந்தைத் தாண்டினார்கள். இரண்டு பேருக்கும் அவளே போன் செய்து, தன் தப்பை முதல் வரியிலேயே சொல்லி வரவழைத்தாள். ஒருவருக்கு முதுகில் ஒன்றும் இல்லை. இன்னொருவர் எப்போதோ வந்த சிவப்பை வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போட்டே ஆற்றியிருந்தார். தாளில் மேசை உயரத்துக்கு ஒரு கட்டம் போட்டாள். கட்டம் போட்ட தாளை டெக்னீஷியனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கேட்டா எழுதமாட்டேனா" என்று மறுபடி சொன்னார். ஃபிளாஸ்க்கை அதற்குள் அலமாரிக்கு மாற்றியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து லோடுமேன் மறுபடி அந்த மேசையில் படுத்தார். ஓரிரு கிலோ கூடியிருந்தது. வீட்டில் இருந்ததன் பலன் என்றாள் மனைவி, பலன் என்ற சொல்லை அழுத்தி. சிவப்பு போய், அந்த இடம் லேசாகக் கறுத்து, தேடினால்தான் தெரியும் என்றாகியிருந்தது. மீட்டரக்கா அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, படத்தில் பிடித்து, கதிர் தொடக் கூடாத இடம் என்று கண்ணாடியில் ஒட்டினாள். பிறகு டெக்னீஷியன் பக்கத்தில் போய் நின்றாள்.

பெரியவர் கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேசை, டெக்னீஷியன் நிறுத்திய உயரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. துடைத்து, அடியில் ரப்பர் வைத்து, ஆடாமல் போட்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் கூரையைப் பார்த்தாள். டெக்னீஷியன் இருமல் வராமல் இருக்க முன்கூட்டியே தண்ணீர் குடித்திருந்தார்.

பெரியவர் ஸ்டூலைப் பார்த்தார். மேசையின் பொத்தானைப் பார்த்தார். அந்தப் பொத்தானை அழுத்தினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டத்தில் எழுத வேண்டியிருக்கும்.

"டாக்டர்" என்றார் படுத்திருந்த லோடுமேன், பச்சைத் துணிக்குள்ளிருந்து. "பலகை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஏறிட்டீங்களா?"

ஒரு காலை வைத்தார். அடுத்த காலையும் வைத்தார்.

"ஏறிட்டேன்யா."

லோடுமேன் தலையை லேசாகத் திருப்பி எதிர் சுவரைப் பார்த்தார். ப்ளக் பாயின்ட் அவர் கண்ணுக்கு நேராகவே இருந்தது. "அப்ப ஏத்துங்க" என்றார்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அடைப்பு முழுதாகத் திறந்தது. மெஷின் இரண்டே கால் என்றது. மீட்டரக்கா கணக்குப் போட்டாள். பல கோணங்களில் பிரிந்து போனதில் எந்த இடத்திலும் ஒன்றரைக்கு மேல் இல்லை. பேனாக் கோட்டுக்குள் ஒன்றுமே இல்லை. உயரக் கட்டத்தில் டெக்னீஷியன் இறக்கம் பூஜ்யம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். கட்டம் போதாமல் வெளியே வழிந்திருந்தது.

'தோலைப் பார்க்க வேண்டியதில்லை' என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். 'இரண்டு வாரம் கழித்துப் பார்க்கவும்' என்று எழுதினாள். விதிப்படி தேவையில்லைதான். இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வந்தார்கள். தோல் தோலாகவே இருந்தது. அதன்பின் ஒரு மாதம் போய், பெரியவர் அனுமதி கொடுத்த வாரத்தில், மாடிப்படி அறைக்கு ஒரு போன் வந்தது. பின்னணியில் லாரி சத்தம்.

"மீட்டரக்காவா? நான்தான். அரை மூட்டை போட்டாரு இன்னைக்கு. ரெண்டு நடை."

"எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்காரு. ஆனா ஒவ்வொரு நடைக்கும் எறக்கி வெச்சுட்டு, இங்க வந்து முதுகைப் பாரு, இங்க வந்து முதுகைப் பாருன்னு கூப்பிடறாரு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் என்னை இத்தனை தடவை கூப்பிட்டதில்ல. இதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"முதுகு எப்படி இருக்கு அக்கா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் லாரி மட்டும் கேட்டது. அவள் பார்க்கப் போயிருந்தாள்.